மூணு காப்பியும் நாற்பத்தேழாம் நம்பர் சிவப்பு அட்டையும்

ஓசூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அத்தனை வருடத்தில் எந்தப் பொருளையும் தொலைக்காத மனிதர் என்று ஒரே ஒருவரைத்தான் கண்டேன். அவரையும் தொலைக்க வைத்தவன் நான்.

கம்பெனியில் அவருக்கு மூணு காப்பி என்று பெயர். குடிக்கிற காபி இல்லை, நகல். ஒரு பொருள் மூன்று இடத்தில் இருந்தால்தான் அது இருக்கிறது, ஒரே இடத்தில் இருந்தால் தொலைவதற்குக் காத்திருக்கிறது என்பது அவருடைய வேதாந்தம். மூக்குக் கண்ணாடி மூன்று வைத்திருந்தார். வீட்டுச் சாவி மூன்று. விடுப்பு விண்ணப்பம் எழுதினால் ஒன்று எனக்கு, ஒன்று டைம் ஆபீசுக்கு, ஒன்று அவருக்கே. அவருக்கே எழுதிக்கொண்ட பிரதியிலும் ‘தாழ்மையுடன்’ என்றுதான் முடித்திருப்பார். ஒரு முறை காய்ச்சல் வந்தபோது மூன்று டாக்டர்களைப் பார்த்து, மூவரும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்த பிறகுதான் முழுங்கினார். அதற்குள் காய்ச்சல் போய்விட்டிருந்தது.

குடையும் மூன்று. சொந்த ஊர் தளியில் வீட்டில் ஒன்று, ஓசூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒன்று, கம்பெனியில் ஒன்று. ஒரு ஐப்பசியில் காலையில் மழையும் மாலையில் வெயிலுமாக இரண்டு நாள் அடித்தது. முதல் நாள் வீட்டுக் குடை கம்பெனிக்கு வந்தது. இரண்டாம் நாள் டீக்கடைக் குடை வந்தது. மூன்றாம் நாள் மனிதர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் மூன்று குடைகளும் காய்ந்துபோய் வரிசையாகத் தொங்கின.

“என்னய்யா இது?”

“மூணு காப்பி இருக்குது சார். மூணு எடம் இல்லாம போச்சு.”

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வாக்கியம் இன்றைக்கு நினைவுக்கு வந்தால் தூக்கம் போய்விடுகிறது.

எங்களுடையது கார் உதிரிபாகம் செய்யும் ஆலை. நான் தர மேலாளர், எம்.எஸ்.சி. இயற்பியல் படித்தவன், அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருந்தவன். அவர் எனக்குக் கீழே ஆவணங்களைப் பாதுகாக்கும் குமாஸ்தா. எல்லாப் படிவமும் வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார். மூன்றிலும் சொல்லி முடிக்கும்வரை ஒரு விஷயத்தைச் சொன்னதாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆலையிலிருந்து ஒரு திருகாணி வெளியே போவதென்றாலும் மேலாளர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். வாயிலில் சுபேதார் இருந்தார். பழைய ராணுவக்காரர். காலி டிபன் டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

இரண்டாயிரத்து ஒன்பதின் மழைக்காலத்தில் ஒரு நாள் ஆவண அறைக்குப் போனேன். கம்பெனிக் கணக்கிலிருந்து கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் சூட்டில் மூணு காப்பியின் பச்சைத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“இது எதுக்கு ஓடுது?”

“காசு பண்ணுது சார்.”

“கள்ள நோட்டா?”

“நோட்டே கெடையாது சார். பிட்காயின்னு பேரு. எவனோ ஒரு புண்ணியவான் இன்டர்நெட்ல போட்டிருக்கான். மெஷின ஓட உட்டா அதுவா சேருது.”

எனக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் “கரண்ட் பில் யார் கட்டுறது?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கேன்டீனில் அவர் பாடம் நடத்தினார். வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் ஃபிட்டர் மணிதான் குறுக்கு விசாரணை செய்தான்.

“காசு எங்கணா? எடு, பாக்கலாம்.”

“காசுன்னு தனியா ஒண்ணும் இல்ல மணி. யாருக்கு எவ்வளவுன்னு ஒரு கணக்கு நோட்டு. அது ஒருத்தன்கிட்ட இல்ல, இதுல சேந்திருக்கிற அத்தினி கம்ப்யூட்டர்லியும் ஒரே மாதிரி இருக்குது. எத்தினியோ காப்பி.” இதைச் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூன்று நகலுக்கே உயிரை விடுகிறவர்.

“அப்ப என் பங்கு?”

“உன் பங்கத் தொறக்கிற சாவிதான் உன் காசு. அது இந்த சிடிக்குள்ள இருக்குது. சாவி போனா போனதுதான். பேங்க் மேனேஜர்கிட்ட போயி அழுதாலும் ஆவாது, போலீசுக்குப் போனாலும் ஆவாது.”

“டூப்ளிகேட் போட மாட்டாங்களா?”

“போட மாட்டாங்க. அதுக்குத்தான் நாமளே மூணு போட்டு வைக்கிறது.”

விலை, ஐம்பது பிட்காயினுக்கு ஒரு டீ டோக்கன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு மூன்று விதி வைத்தார். குடிக்காமல் இருக்க முடிகிற டீயின் டோக்கனில் மட்டும் வாங்க வேண்டும். சாவியை இன்னொருத்தர் கையில் கொடுக்கக் கூடாது, மூணு காப்பியின் கையில்கூடக் கொடுக்கக் கூடாது. மூன்று இடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிப் படித்தவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். இந்த மூன்றுக்கு மேல் உருப்படியாக எதையும் நான் படிக்கவில்லை.

நாற்பத்திரண்டு பேர் வாங்கினார்கள். பாதிப் பேர் அவரை வைத்துச் சிரிக்க, மீதிப் பேர் அவர் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நம்பி. நானும் ஒரு டோக்கனைத் தூக்கிப் போட்டேன். ஆளுக்கொரு சாவி உண்டாக்கி, சிடியில் பதிந்து, மூன்று தாள் ரசீதுடன் கொடுத்தார். ஒரே மாதத்தில் மணி அவனுடைய சிடியைக் கிளி விரட்ட மாமரத்தில் கட்டிவிட்டான். ஒரு வெல்டர் பைக்கின் பின்னால் சிவப்பு விளக்குக்குப் பதிலாக ஒட்டிக்கொண்டான். கேன்டீன் மாஸ்டர் அதன்மேல் சாம்பார் வாளியை வைத்திருந்தார். என்னுடையதன்மேல் என் தண்ணீர் டம்ளர் இருந்தது.

இதையெல்லாம் பார்த்து மனிதர் வெளிறிப் போனார். தன் இரண்டாவது விதியைத் தானே மீறி, எல்லோருடைய பங்கையும் புதுச் சாவிக்கு மாற்றி, பழைய சிடிகளைச் செல்லாமல் ஆக்கிவிட்டு, அத்தனை பேருடைய சாவியையும் தானே சேர்த்து வைத்துக்கொள்ள முடிவு செய்தார்.

“எனக்கு இது புடிக்கல சார். ஆனா இவங்ககிட்ட இருந்தா கிளி தூக்கிட்டுப் போயிடும். டோக்கன் வாங்கிட்டேன். பதில் சொல்லணும் இல்லியா?”

ஆக, நாற்பத்திரண்டு பேரின் சாவியும் அவருடைய சாவியும் அந்தப் பழைய கணினிக்குள் ஒன்றாக இருந்தன. அவற்றின் நகல் ஒரு சிடியில் அவருடைய மேசை டிராயரில். இன்னொரு நகல் தளியில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று காப்பி, மூன்று இடம். அந்த மூன்றாவதற்குத்தான் கேட் பாஸ் எழுதி, சிடியையும் கிளிப்பில் சொருகி என் முன்னால் வைத்தார்.

பொருளின் மதிப்பு என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘இன்று நாற்பத்திரண்டு டீ. பின்னால் தெரியாது.’

“நான் இதுல கையெழுத்துப் போட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஒரு சிடி. சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போய்யா.”

“ரூலு சார்.”

“அப்ப மதிப்பைச் சரியா எழுதிட்டு வா.”

“எனக்குத் தெரியாது சார். இப்ப யாருக்குமே தெரியாது.”

“தெரிஞ்சப்புறம் வா.”

கேட் பாசையும் சிடியையும் என் டிராயரில் போட்டேன். தினமும் காலையில் வந்து நிற்பார். “சார், கேட் பாஸ்…” “நாளைக்கு.” இப்படிப் பத்து நாள். வேலை மிகுதி என்று அப்போது சொன்னேன். பொய். எனக்குப் புரியாத ஒன்று என்னுடைய குமாஸ்தாவுக்குப் புரிந்திருந்தது. அவர் தினமும் வந்து கேட்டு நிற்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

பதினோராவது நாள் வாடிக்கையாளர் கம்பெனியின் தணிக்கை. பெங்களூரிலிருந்து ஒரு அம்மையார் வருகிறார், இரண்டு நாள் பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் ஆர்டர் போய்விடும் என்று பேச்சு. அந்த மாதிரி சமயத்தில் எல்லா ஆலையிலும் சிவப்பு அட்டை திருவிழா நடக்கும். தேவையில்லாத பொருளில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அதன் உரிமையாளர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு நாள் யாரும் வேண்டுமென்று கேட்காவிட்டால் காயலான் லாரியில் ஏற்ற வேண்டும். அட்டையை வடிவமைத்தவர் மூணு காப்பி. ஆகவே அதற்கும் மூன்று தாள்.

காலை எட்டரைக்குப் பொது மேலாளர், எங்கள் ஜி.எம்., என்னையும் கூட்டிக்கொண்டு ஆவண அறைக்குள் நுழைந்தார். உறுமுகிற கணினியையும் அதன்மேல் துண்டையும் பார்த்தார்.

“அந்தம்மா பத்து மணிக்கு வராங்க. வரும்போது இது இங்க இருந்தா நீங்க இங்க இருக்க மாட்டீங்க. உங்க டிராயரையும் சேர்த்துத்தான் சொல்றேன். குப்பையா இருக்கு.”

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடித்திருந்தேன். மூணு காப்பி ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருந்தார்.

நான் நாற்பத்தேழாம் நம்பர் சிவப்பு அட்டையை எடுத்தேன். தேதியை எட்டு நாள் முன்னால் போட்டேன். உரிமையாளர் கையொப்பம் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தை நானே போட்டேன். தினமும் மூன்று தடவை பார்க்கிற கையெழுத்து, சுலபமாக வந்தது. கணினியைச் சாக்கில் போடச் சொன்னேன். அவர் டிராயரிலிருந்த சிடியும் போனது. பிறகு என் டிராயரை இழுத்து, கிளிப்பில் சொருகிய கேட் பாசோடு மூன்றாவது சிடியையும் அதே சாக்கில் போட்டேன். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவனித்தேன். கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம். காயலான் லாரி எடை போட்டுவிட்டு வாயிலில் நின்றது. அதற்கு எதிரே, சாலையில், அம்மையாரின் வெள்ளைக் கார் உள்ளே வர வழியில்லாமல் நின்றது. ஜெராக்ஸ் கட்டோடு நடந்து வந்த மூணு காப்பி, லாரியைப் பார்த்து நின்றார்.

“சார், என் துண்டு.”

சாக்கு வாயிலிருந்து பச்சைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டைக் கீழே வைத்தார். போடவில்லை, வைத்தார்.

“ரெண்டு நிமிசம் சார். அந்த ஒரு மூட்டைய மட்டும் எறக்கிக்கிறேன். நாப்பத்திரண்டு பேர் சாவி சார்.”

கார் ஹாரன் அடித்தது. சுபேதார் தடுப்புக் கம்பியில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“சார், நிறுத்தவா, உடவா?”

மூட்டையை இறக்கினால் கோப்பில் வைத்த அட்டையைக் கேட்பார்கள். அட்டை வந்தால் கையெழுத்து வரும். காரின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

“விடுங்க,” என்றேன்.

லாரி கிருஷ்ணகிரி சாலையில் திரும்பி மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“மூணாவது காப்பி உங்க டிராயர்ல பத்திரமா இருக்குது இல்ல சார்?”

“அதுல கையெழுத்துப் போட்டு நேத்தே டைம் ஆபீசுக்கு அனுப்பிட்டேனே.”

அவர் டைம் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். “அங்க இல்ல சார்.”

“நல்லா தேடச் சொல்லு.”

மதியம் பர்மிஷன் தாள் நீட்டினார், மூன்று பிரதி. பத்து நாள் ஒரு கையெழுத்துக்கு அலையவிட்டவன், மூன்று கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டு ஷிப்ட் முடிவதற்குள் திரும்பிவிட்டார். தோளில் பச்சைத் துண்டு மட்டும் இருந்தது.

“ஒடைச்சுட்டாங்க சார். இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி. ஆய்த்து.”

முடிந்தது என்பதைக் கன்னடத்தில் ஒரு தடவை மட்டும் சொன்னார். மற்ற இரண்டு மொழியிலும் சொல்லவில்லை.

மறுநாள் தணிக்கையில் அம்மையார் சிவப்பு அட்டைப் பதிவேட்டைக் கேட்டார். விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“நாப்பத்தேழு. பழைய கம்ப்யூட்டர். இந்த அட்டையைக் காட்டுங்க.”

அட்டையின் மூன்று தாளும் கோப்பில் இருப்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் நானே வைத்தேன். மூணு காப்பி எடுத்துக் காட்ட வேண்டும், இது உங்கள் கையெழுத்தா என்று அந்தம்மா கேட்க வேண்டும், இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தோடு என் உத்தியோகம் போய்விடும். ஜி.எம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏர் கண்டிஷனர் ஓடிய அறையில் என் சட்டை முதுகோடு ஒட்டியது.

மூணு காப்பி கோப்பைத் திறந்தார். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு.

“அது இல்லீங்க மேடம்.”

“மூணு காப்பி வைக்கிற சிஸ்டம்னு காலைல சொன்னீங்களே?”

“ஆமாங்க.”

“மூணுமே இல்லையா?”

“மூணுமே இல்லீங்க. நான்தான் தொலைச்சுட்டேன்.”

ஜி.எம். சிரித்துவிட்டார். மூணு காப்பி தொலைப்பதாவது. அம்மையார் ஏதோ ஒரு வரி எழுதிக்கொண்டு நாற்பத்தெட்டுக்குப் போனார்.

அந்த ஒரு வரிக்காக அவருடைய சம்பள உயர்வு நின்றது. எச்சரிக்கைக் கடிதம் இரண்டு பிரதிதான் வந்தது. மூன்றாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு நாற்பத்திரண்டு பேருக்கும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். கம்பெனி அவருக்குக் கொடுக்கிற டோக்கன் நாளைக்கு இரண்டு. மூன்று வாரம் டீ குடிக்காமல் கொடுத்து முடித்தார். மணி மட்டும் வாங்க மறுத்தான்.

“உடுணா. கிளிதான் வரல இல்ல, அந்த மட்டுக்கும் லாபம்.”

“புடி மணி. சாவிக்குப் பொறுப்பு நான்.”

ஒரு நாள் என் மேசையிலும் ஒரு டோக்கனை வைத்தார். “உங்களது சார்.” வாங்கிக்கொண்டேன். அதைக் கொடுத்து டீயும் குடித்தேன்.

அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டுத் தளிக்குப் போய்விட்டார். பிட்காயினின் விலை பின்னால் என்ன ஆனது என்பது பேப்பர் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு டீயை இன்றைய விலையில் பெருக்கிப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தைரியம் வந்ததில்லை. பெருக்கத் தெரிந்த எம்.எஸ்.சி.

போன மாதம் தளிக்கு பஸ் ஏறினேன். பீன்ஸ் தோட்டத்து வரப்பில் நின்றார். கிணற்றில் மூன்று மோட்டார் இறக்கியிருந்தார், ஒன்று ஓடியது. என்னைக் கண்டதும் நேற்றுப் பார்த்தவர்போல “வாங்க சார்” என்றார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“மூணாவது சிடி டைம் ஆபீசுக்குப் போகவே இல்லை. நான்தான் மூட்டையில போட்டேன். தெரிஞ்சே போட்டேன்.”

“தெரியும் சார். அங்க உள்ள வர்ற பேப்பருக்கெல்லாம் நம்பர் போடுவாங்க. அந்த நம்பரே வரல.”

“அட்டையில கையெழுத்து…”

“அதுவும் பாத்தேன். நல்லாத்தான் போட்டிருந்தீங்க. கொஞ்சம் சாய்வா இருந்தது.”

“அப்ப ஏன்யா சொல்லல? ஒரு வார்த்தை போதுமே.”

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா கல்யாணத்துக்கு எனக்கு மூணு பத்திரிகை குடுத்தீங்க சார். நான் கேக்கல. நீங்களா குடுத்தீங்க. கம்பெனியில வேற யாரும் அப்பிடிக் குடுத்ததில்ல.”

கேலிக்காகத்தான் மூன்று கொடுத்தேன். மேலாளர் அறையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். இதை மட்டும் அன்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சள் தாளை எடுத்து வந்தார். நாற்பத்தேழாம் நம்பர்.

“வெள்ளையும் ரோசும் அந்தம்மா கேக்கிறதுக்கு முன்னாடியே கிழிச்சுட்டேன். மூணையும் கிழிக்க கை வரல சார். இது ஒங்ககிட்ட இருக்கட்டும்.”

தளி பஸ் நிறுத்தத்திலேயே அதற்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்று என் வீட்டில் இருக்கிறது, ஒன்று மகள் வீட்டில். மஞ்சள் தாளை இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியோடு தளிக்கே அனுப்புகிறேன். கட்டுரைப் பிரதியின் அடியில் உரிமையாளர் கையொப்பம் என்று எழுதி, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்த முறை அவரே போடட்டும்.